முதலைக்குப் பாடம் எடுத்த கொடுவா அண்ணை

முதலைக்கு மீன் பிடிக்கப் பழக்கிய ஒரே தமிழர் எங்கள் கொடுவா அண்ணைதான். அவருக்கு முன்பு யாரும் இல்லை, பின்பு யாரும் துணியவில்லை. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆகவே அன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் யார் யார் நின்றார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வழக்கு வரக்கூடாது. கொடுவா அண்ணை. ஆஸ்பத்திரித் தாதி செல்வமணி அக்கா. அவருடைய கணவர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மணியத்தார். ரோடு போடும் லொறிக்காரன் ஒருவன், வெள்ளைக்காரன், தொப்பியைக் கழற்றினால் நெற்றி மட்டும் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் செங்கல்லாகவும் இருப்பவன். ஏழோ ஒன்பதோ முதலைகள். பிறகு நான். நான் காருக்குள் இருந்தேன், கண்ணாடிகளையும் ஏற்றியிருந்தேன். ஆனால் அன்று காலைதான் கண்ணாடியைத் துடைத்திருந்தேன். எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

கொடுவா அண்ணைக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அது அவருடைய சம்பளக் கவருக்கு மட்டும் தெரியும். எழுபதுகளில் மெல்பேர்ணில் அவர் டிராம் கண்டக்டர். தோளில் தோல்பை, தலையில் தொப்பி, வாயில் மீன். மீனைத் தின்றுகொண்டு வேலை செய்தார் என்று நினைக்க வேண்டாம். பேச்செல்லாம் மீன். நீங்கள் எதைப் பற்றித் தொடங்கினாலும் மூன்றாவது வசனத்தில் உங்களைக் கடலுக்குள் இறக்கிவிடுவார். ஒரு சாவீட்டில், "பாவம், ஒரு முள்ளில்லாத மனுசன்" என்று துக்கம் சொல்லிவிட்டு வந்தார். அதிலும் கொடுவா என்றால் அவருக்குக் கோயில். பாரை ஒரு மீன், சீலா ஒரு மீன், கொடுவா மட்டும் மீன் இல்லை, அது ஒரு பதவி என்பார்.

சந்தையிலிருந்து மீன் பொட்டலத்தோடு டிராமில் ஏறும் பெண்களுக்கு அவர் சும்மா டிக்கெட் கொடுப்பதில்லை. பொட்டலத்தை ஒருமுறை மோந்து பார்ப்பார். ஒருநாள் ஒரு இத்தாலியக் கிழவியிடம், அம்மா இது நேற்றைய மீன் என்று தன் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். கிழவி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க டிராமில் ஏறி, சந்தைக்குத் திரும்பிப் போய், மீன்காரனை உண்டு இல்லை என்று ஆக்கி வேறு மீன் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து கிழவிகள் முன்னால் வரும் டிராம்களை எல்லாம் விட்டுவிட்டு இவருடைய டிராமுக்காகப் பொட்டலமும் கையுமாகக் காத்து நின்றார்கள். டிப்போவில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். எச்சரித்த அதிகாரி போகும்போது மெல்ல, எந்தக் கடையில் வாங்கினால் நல்லது என்று கேட்டுக்கொண்டு போனார்.

அவருடைய இன்னொரு குணம் குசினி. அப்போது மெல்பேர்ணில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே பந்தியில் அடங்கிவிடும். கொடுவா அண்ணை தனிக்கட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் முன்வாசல், ஹோல், கதிரை எல்லாவற்றையும் தாண்டி நேரே குசினிக்குள், அடுப்படிக்கே போய் நிற்பார். கேட்பதில்லை. மூடியைத் திறப்பார், அகப்பையில் தொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவார், "உப்புக் காணாது" என்பார், போடுவார். உப்பு எப்போதும் காணாது. பெண்கள் யோசித்துப் பார்த்தார்கள். அவர் வரும் நாளில் கறிக்கு உப்பே போடாமல் வைத்தார்கள். அவர் போடுவது சரியாக இருந்தது. ஆனால் ஒரு பிறந்தநாளுக்கு அவருக்கு இரவு ஷிப்ட் விழுந்துவிட்டது, வரவில்லை. அன்று அறுபது பேர் உப்பில்லாமல் சாப்பிட்டோம். எல்லோரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்டவரின் கையில் ஒரு கலண்டர் கிடைத்தது.

டிப்போச் சுவரில் தொங்கிய கலண்டர். அதன் ஒரு பக்கத்தில் வடக்கே, டார்வின் பக்கத்து ஆறு ஒன்றில் ஒருவன் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே பாரமுண்டி என்று எழுதியிருக்கிறது. கொடுவா அண்ணை அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். இது எங்கட கொடுவா என்றார். டிப்போக்காரர்கள் விடவில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன் அது, எங்களுடைய மீன் என்று நெஞ்சைத் தட்டினார்கள். அவருக்கு அது மீனைப் பற்றிய வாக்குவாதமாகப் படவில்லை. பெற்ற பிள்ளையை இன்னொருவன் தன் பெயரில் பதிந்துவிட்ட மாதிரி துடித்தார்.

தைப்பொங்கலுக்கு ஒரு சாரணர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடியிருந்தோம். அங்கேயும் கலண்டர்த் தாள் வெளியே வந்தது. செல்வமணி அக்கா அப்போதுதான் தன் சாம்பாரில் இவர் போட்ட உப்பை ருசி பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணை, நான் கரையில பிறந்தனான். கொடுவாவைக் கையால தொட்டு வளர்ந்தனான். படத்தைக் காட்டிக் கதை விடாதேங்கோ."

"படத்தில தெரியேல்லையோ, பிள்ளை? அந்த முதுகைப் பார், அந்த வாயைப் பார்."

"மீனைக் கையில தாங்கோ, சொல்றன். உது கொடுவாதான் எண்டு என்ர வாயால வந்தா, என்ர குசினி உங்கட குசினி. எந்த நேரமும் வாங்கோ, எவ்வளவு உப்பும் போடுங்கோ. இல்லையெண்டா என்ர மட்டுமில்லை, இந்த ஊரில ஒருத்தற்ற குசினிக்குள்ளயும் நீங்கள் கால் வைக்கப்படாது. சம்மதமோ?"

மண்டபம் சிரித்தது. சில பெண்கள் சிரிக்கவில்லை, உதடு அசைந்தது, அவர் தோற்கவேண்டுமென்று கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பார்கள். கொடுவா அண்ணை ஒரு பகிடி விட்டுச் சமாளிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு "சம்மதம்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மெல்பேர்ண் மீன் சந்தைக்கு எப்போதாவது வடக்கிலிருந்து பாரமுண்டி வரும். ஆனால் தோலுரித்து, தலை இல்லாமல், பனிக்கட்டித் துண்டமாக வரும். தலையில்லாத மீனுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றார் அக்கா. ஆகவே மீன் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போவதென்று முடிவாகியது. மெல்பேர்ணிலிருந்து டார்வின் பக்கம் போவதென்பது யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு இந்தியா முழுவதையும் குறுக்கே கடப்பது மாதிரி. அக்காவுக்கு வருட லீவு, மணியத்தாருக்கு ஒரு பழைய ஸ்டேஷன் வாகன், பாலைவனம் பார்க்கும் ஆசை. நான் டயர்க் கடையில் வேலை. அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், வேறு தகுதி இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயப்படுவதற்கு அந்தப் படிப்புத் தாராளம். மெல்பேர்ணிலேயே வரைபடத்தை விரித்து அந்த ஆற்றின் பெயரைக் காட்டினேன். பெயரிலேயே முதலை இருந்தது. பெயர் வைத்தவன் சும்மா வைத்திருப்பானா என்று கேட்டேன். மணியத்தார் பார்த்துவிட்டு "ம்" என்றார். மணியத்தாரின் பேச்சு முழுவதும் அதுதான். கலியாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னார் என்று அக்கா சொல்லுவார்.

நான் மேலதிக டயர்கள், தண்ணீர்க் கலன்கள், கயிறு, தூண்டில், விசில், வயிற்றுவலி மருந்து, மெழுகுதிரி எல்லாம் ஏற்றினேன். கொடுவா அண்ணை ஒரு பெரிய அலுமினியப் பானையும் ஒரு பால்மா டின்னும் மட்டும் கொண்டு வந்தார். டின்னுக்குள் ஒடியல் மா. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, ஊரிலிருந்து கப்பலில் வந்தது. மீன் தலையும் ஒடியல் மாவும் போட்டுக் கூழ் காய்ச்சினால்தான் கொடுவா தன்னை யாரென்று காட்டும் என்பது அவர் கட்சி. பானையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துக்கொண்டு, குளிர்கால மெல்பேர்ணை விட்டு வெளிக்கிட்டோம்.

அடிலெயிட்டுக்கு வடக்கே தார் முடிந்தது. செம்மண், அதற்கு மேல் செம்மண், ரோடு முழுவதும் அலை அலையாக வரிப்பள்ளம். காருக்குள் பல் கிடுகிடுத்தது. தூசி கண்ணாடியால் வரவில்லை, காரின் எலும்புகளுக்குள்ளால் வந்தது. என் பயங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தன. டயர் வெடித்தது. ரேடியேட்டர் கொதித்தது. மாடு ஒன்று குறுக்கே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்று நடக்கும்போதும், நான் சொன்னேன்தானே என்று சொல்லும் ஒரு சின்னச் சந்தோஷம் எனக்கு.

கொடுவா அண்ணை எதற்கும் அசையவில்லை. பெற்றோல் அடிக்க நின்ற இடமெல்லாம் இறங்கிக் கலண்டர்த் தாளைக் காட்டினார். அலிஸ் ஸ்பிரிங்ஸைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை. நாங்கள் கதிரையில் இருக்கும்முன் அவர் குசினிக்குள். உள்ளே ஏதோ தகரம் விழுந்தது. கதவு போல அகலமான ஒரு வெள்ளைக்காரி அவரைச் சட்டைக் கொலரில் பிடித்துத் தூக்கிவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் கோபப்படவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நல்ல குசினிக்காரி. கண்ட ஆக்களை உள்ள விடாள்" என்று மெச்சினார். பிறகு அவள் போன கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பசி என்று நினைத்தேன்.

ஆற்றுக்கு வந்து சேர்ந்தோம். உயரமான கரையில் கூடாரம் அடித்தோம். கரையிலிருந்து ஒரு சரிவு இறங்கி ஆற்றுக்குள் போய், அடுத்த கரையில் ஏறும். ஆற்றுக்குக் குறுக்கே கொங்கிறீட் போட்ட ரோடு. அதற்கு மேலால்தான் தண்ணீர் ஓடும், அதற்குள்ளால்தான் வண்டி போகவேண்டும். பாலம் கட்டப் பயந்த ஊரில் நாங்கள் மீன் பிடிக்க வந்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். மணியத்தார் ஆமோதித்தார், தன் மொழியில்.

இனிக் கொடுவா அண்ணை தூண்டிலை எடுக்க வேண்டியதுதான். முதல் நாள், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றார். அடுத்த நாள் காற்றுச் சரியில்லை. அதற்கடுத்த நாள் தூண்டில் சரியில்லை, ஊர்த் தூண்டில் வேறு மாதிரி என்றார். அக்கா பாறையில் இருந்து அவரைப் பார்த்தபடியே இருந்தார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கடலின் நதிமூலம் வரை பேசுகிற மனுசன், முள்ளில் இரை குத்தத் தெரியாமல் ரொட்டித் துண்டை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று நடுப்பகலில் ரோடு போடும் லொறி வந்து நின்றது. தண்ணீர் வற்றும்வரை கடக்க முடியாது என்று சொல்லி லொறிக்காரன் எங்களோடு பாறையில் இருந்துகொண்டான். கடல் பெருகி ஆற்றுக்குள் ஏறிவரும் நேரம் இது, ஒரு வேடிக்கை இருக்கிறது, பாருங்கள் என்றான். முன்பு இந்த முதலைகளைத் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு முடித்தார்களாம். சுடக்கூடாது என்று சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகிறது, இப்போதுதான் திரும்பிவரத் தொடங்கியிருக்கின்றன என்றான், நல்ல செய்தி சொல்கிற மாதிரி. நான் போய்க் காருக்குள் ஏறிக்கொண்டேன்.

கண்ணுக்கு முன்னால் ஆறு நின்றது. பிறகு திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கியது. கடல் பக்கத்திலிருந்து மேலேறிவந்த தண்ணீர் கொங்கிறீட் ரோட்டைத் தாண்டி விழுந்தது. அதோடு மீன்கள். வெள்ளி வெள்ளியாக, ரோட்டுக்கு மேலால் வாலை அடித்துக்கொண்டு வழுகிப் போயின. அப்போதுதான், மரக்கட்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மரக்கட்டைகள் எல்லாம் அசைந்தன. ஒவ்வொன்றாக வந்து, பந்திக்கு இருக்கிற மாதிரி வரிசையாகக் கொங்கிறீட்டின் ஓரத்தில் தங்களுக்கு இடம் பிடித்து, வாயைத் திறந்துகொண்டு படுத்தன. மீன் வர வாய் மூடும். 'டப்'. அந்தச் சத்தம் கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் கேட்டது.

கொடுவா அண்ணை எழும்பினார். பயத்தில் ஓடப்போகிறார் என்று நினைத்தேன். சரிவில் பாதி தூரம் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பில் கை வைத்து நின்றார். அவருடைய பார்வை டிக்கெட் பார்க்கிற பார்வை. ஒவ்வொரு முதலையாகக் குறை சொல்லத் தொடங்கினார். நடுவில் கிடந்த பெரியது கெட்டிக்காரனாம், அநாவசியமாக அசையவில்லையாம். பக்கத்தில் கிடப்பது பேராசை பிடித்தது, ஒன்றை விழுங்கும்முன் மற்றதைப் பார்க்கிறதாம். லொறிக்காரனுக்கு இதையெல்லாம் இங்கிலீஷில் வேறு சொன்னார்.

கரைக்குக் கிட்ட ஓரமாக ஒரு இளம் முதலை கிடந்தது. அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. மீன் போன பிறகு வாயை மூடும். அல்லது மீன் வரும்முன் மூடிவிட்டுத் திறப்பதற்குள் மீன் மூக்கைத் தாண்டிப் போய்விடும். கொடுவா அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அவசரப்படாதை" என்றார் முதலையிடம். "வாயைத் திற. திறந்தபடி கிட. மீன் உன்னட்டத்தான் வருது, நீ தேடிப் போகாதை."

முதலை பாய்ந்தது. விட்டது.

"சொன்னாக் கேக்கமாட்டியோ? பொறு... இது சின்னன், விடு... பொறு... இப்ப."

'டப்'.

இதைத்தான் சிரிக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தேன். 'இப்ப' என்றதும் அது மூடியது, மூடியபோது மீன் உள்ளே இருந்தது. தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். அடுத்த முறையும் நடந்தது. அதற்கடுத்த முறை தவறியது, ஆனால் அது முதலையின் பிழை. லொறிக்காரன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். கொடுவா அண்ணை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பரிசளிப்பு விழாவில் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டால் தகப்பன் பார்ப்பானே, அந்தப் பார்வை. எனக்கும் காருக்குள் நெஞ்சு நிமிர்ந்தது. இந்த நாட்டில் எங்களை எல்லாரும் பழக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருவர், அதுவும் தமிழில், இந்த நாட்டு முதலையைப் பழக்குகிறார்.

பிறகு அந்தப் பெரிய மீன் வந்தது.

மற்றதெல்லாம் வெள்ளி என்றால் இது பித்தளை. முதுகு கூன், வாய் மேல்நோக்கி. கலண்டரில் இருந்த அதே ஆள். "தம்பி" என்றார் கொடுவா அண்ணை, மூச்சு விடாமல். "பொறு... பொறு... இப்ப."

இளம் முதலை பிடித்தது. ஆனால் குறுக்காகப் பிடித்துவிட்டது. தலைப்பக்கம் திருப்புவதற்காகத் தலையை ஒரு உதறு உதற, மீன் வாயை விட்டுக் கழன்று, வெயிலில் ஒருமுறை மின்னி, சரிவில் வந்து விழுந்து வழுகி, கொடுவா அண்ணையின் காலுக்கு முன்னால் நின்றது.

"குருதட்சணை" என்றார் அவர். நிதானமாகத்தான் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

மீன் துள்ளி அவர் முழங்காலில் வாலால் ஒன்று விட்டது.

அடுத்த கணம் அவர் காரின் பொனற்றுக்கு மேலே இருந்தார். எப்படி ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் என் முகம், இரண்டும் ஒரே நிறம். ஒன்பது முதலைக்குப் பாடம் எடுத்த மனுசன் ஒரு மீனுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

கீழே இளம் முதலை, தன் மீன் எங்கே என்று சரிவைப் பார்த்துத் தலையைத் திருப்பியது. முன்கால் ஒன்று கொங்கிறீட்டில் ஏறியது. செல்வமணி அக்கா யாரையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மணியத்தார் ஜாக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அக்காவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றார். 'ம்'கூடச் சொல்லவில்லை. அக்கா மீன் தலையில் கால் வைத்தார், செவுளுக்குள் விரலை விட்டார், தூக்கினார். இருவரும் முதலையைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னாக நடந்து மேலே வந்தார்கள். நான் விசில் ஊதினேன். என்னால் முடிந்தது அதுதான்.

மீனைச் சாக்கில் போட்டுவிட்டு அக்கா கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். பொனற்றுக்குக் கிட்ட வந்து நின்றார்.

"இறங்குங்கோ, அண்ணை."

"அது செத்திட்டுதோ?"

"நீங்கள் உயிரோட ஒரு மீனைத் தொட்டதே இல்லையோ?"

அவர் மடியிலிருந்து கலண்டர்த் தாளை வெளியே எடுத்தார்.

"உண்மையாச் சொல்லுங்கோ. உங்கட ஊர் எது?"

அவர் சொன்ன ஊர் வெங்காயத்துக்கும் வாழைக்குலைக்கும் பேர்போன ஊர். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் அங்கே ஆட்கள் யோசித்துத்தான் சொல்வார்கள். அதிலும் அவருடைய வீடு முட்டைகூட உள்ளே வராத சைவ வீடு. பொனற்றில் இருந்தபடியே, கலண்டர்த் தாளை மடித்து மடித்துச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கரையூர்ப் பெடியன் ஒருவன் கூட்டாளி. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். கொடுவாத் தலை போட்டுக் கூழ். முற்றத்தில் எல்லோரும் வட்டமாக இருந்து, பனையோலையை மடித்துப் பிடித்துக் குடித்தார்களாம். அவருக்கும் வட்டத்தில் இடம் விட்டார்களாம். வாழ்க்கையில் அவர் கொடுவா சாப்பிட்டது அந்த ஒரு தரம்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது தகப்பன் கையை மோந்து பார்த்திருக்கிறார்.

"அம்மா ஒண்டும் சொல்லேல்லை. ஐயாதான். இனிக் குசினிக்கை கால் வைக்காதை எண்டார்." தன் கையைப் பார்த்துவிட்டு, "கை மணம் ரெண்டு நாளில போயிட்டுது. குசினி திரும்ப வரேல்லை, பிள்ளை. கப்பல் ஏறுமட்டும் கிணத்தடியிலதான் சாப்பாடு."

லொறிக்காரனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவன் தொப்பியைத் திரும்பப் போடவில்லை.

அக்கா சேலைத் தலைப்பை அவிழ்க்கப் போனார். கொடுவா அண்ணை கையைக் காட்டித் தடுத்தார். பொனற்றிலிருந்து இறங்கினார், சாரத்தைச் சரிசெய்தார், நேராக நின்றார்.

"இரக்கப்பட்டுச் சொல்றதெண்டா வேண்டாம், பிள்ளை. வாக்கு வாக்குத்தான். மீனைப் பாத்திட்டுச் சொல்லு. இல்லையெண்டா இல்லை. நான் ஒருத்தற்ற குசினிக்கும் வரமாட்டன்."

இவ்வளவு நடந்த பிறகும் அந்த மனுசனுக்குப் பிச்சை வேண்டாமாம். நான் கண்ணாடியை இறக்கினேன்.

அக்கா கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் ரத்தம் கசியும் புது வெட்டு. அதற்கு ஒட்டினாற்போல், அதே சாய்வில், ஒரு பழைய வெள்ளைத் தழும்பு.

"இது சின்னனில கொடுவா செவுளில வெட்டினது. அதின்ர செவுள் மூடி கத்தி மாதிரி. அதுக்குப் பிறகு எத்தினை மீன் தொட்டனான், ஒண்டும் இந்த இடத்தில வெட்டேல்லை." புது வெட்டைப் பழையதின் மேல் வைத்து அழுத்தினார். "எனக்கு வெட்டின மீனை எனக்குத் தெரியாதோ? கொடுவாதான். போங்கோ, பானையை இறக்குங்கோ."

கூழைக் கொடுவா அண்ணைதான் காய்ச்சினார். மீனை வெட்டியது அக்கா. ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை இறுத்து, தலையைப் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் அள்ளி விட்டார். உப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தார். போட்டார். பனையோலை இல்லை. தகரக் கோப்பைகளோடு கரையில், தண்ணீரிலிருந்து நான் கேட்டுக்கொண்ட தூரத்தில், வட்டமாக இருந்தோம். லொறிக்காரனுக்கும் இடம் விட்டோம். இரண்டாவது வாயில் அவனுடைய வெள்ளை நெற்றியும் செங்கல் நிறமாகியது. கண்ணால் மூக்கால் எல்லாம் தண்ணீர். கோப்பையை மறுபடி நீட்டினான். கொடுவா அண்ணை ஊற்றிவிட்டு, இந்த மீனுக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் சரியாகச் சொல்லும்வரை மூன்றாவது கோப்பை கொடுக்கவில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், மெல்பேர்ண் திரும்பியதும் அவரைப் பிடிக்க முடியாமல் போயிருக்கும் என்று. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். டிப்போவில் அவர் நடந்த நடை உண்மைதான். அதிகாரி எழும்பி நின்று கதைத்தாராம். ஆனால் முதல் சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தவர், ஹோலைத் தாண்டி, குசினிக் கதவடியில் நின்றுவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. விரலால் நிலையில் தட்டி, "வரலாமோ, பிள்ளை?" என்றார். இத்தனை வருடம் கேட்காமல் புகுந்த மனுசன், உரிமை கிடைத்த பிறகு கேட்கத் தொடங்கினார். அடுத்த சனியும் கேட்டார். அதற்கடுத்த சனியும். வாங்கோ என்று சொல்லும்வரை கால் விரலை மடித்து, வாசல்படிக்கு வெளியே வைத்துக்கொண்டு நிற்பார். அக்காவுக்கு எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது.

ஒருநாள் நான் போனபோது மணியத்தார் திருப்புளியோடு நின்றார். குசினிக் கதவின் பிணைச்சல்களைக் கழற்றி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய், இரண்டு பீப்பாய்க்கு மேல் படுக்க வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீன் வெட்டியதெல்லாம் அந்தக் கதவில்தான். கைப்பிடியைக்கூடக் கழற்றவில்லை, துணி தொங்கவிட உதவியது. ஏன் அண்ணை கதவைக் கழற்றினீங்கள் என்று கேட்டேன். மணியத்தார் என்னோடு பேசிய ஒரே முழு வசனம் அன்றுதான்.

"கதவு இருந்தா அந்த மனுசன் கேட்டுக்கொண்டு நிக்குது."

பிறகு அவர்கள் மெல்பேர்ணின் புறநகர் ரோவிலில் புது வீடு கட்டியபோது, குசினிக்குக் கதவு வேண்டாம் என்று வீடு கட்டும் கொந்திராத்துக்காரனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் மறந்துபோய்க் கதவு போட்டுவிட்டான் என்று அக்கா விரட்டிப் பிடித்துக் கழற்ற வைத்தார்.

நான் இப்போதும் பயப்படுகிறவன்தான். விருந்துக்குப் போனால் கார் நிறுத்தின இடம், காஸ் அடுப்பு, மீன் முள் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். கொடுவா அண்ணை உள்ளே நிற்கிறார் என்று தெரிந்தால் மட்டும் எதையும் நினைத்ததில்லை. மிஞ்சிப்போனால் உப்புக் கூடியிருக்கும், அவ்வளவுதானே.